சாமி கண்ணைக் குத்தும் எண்டு பிள்ளைக்குச் சொல்லலாமோ?

வட்டக்கச்சிக்காரி
எல்லாருக்கும் வணக்கம். கன நாளா இஞ்ச வாசிக்கிறன், எழுதுறது குறைவு. இது வீட்டுப் பிரச்சினைதான், ஆனா கன பேர் பிள்ளை வளக்கிற ஆக்கள் எண்டபடியா கேக்கிறன்.

மகளுக்கு அஞ்சு வயசு. நானும் அவரும் வேலைக்குப் போறம், பகல் முழுக்க பிள்ளை என்ட அம்மாவோடதான். அம்மா வளக்கிறதில குறை சொல்லேல்லை, ரெண்டு தேவாரம் பாடமாக்கிக் குடுத்திருக்கிறா, ஆக்கள் வந்தா வாங்கோ எண்டு சொல்லுறது, சாப்பிட முன்னம் கை கழுவுறது எல்லாம் அவ பழக்கினதுதான். ஆனா பிள்ளை என்ன குழப்படி விட்டாலும் அம்மாட்ட ஒரே ஒரு மருந்து, "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்". நாங்களும் அதைக் கேட்டுத்தானே வளந்தம் எண்டு நானும் பேசாம இருந்திட்டன்.

போன கிழமை நேர்சரியால வரேக்க வேற ஒரு பிள்ளையின்ட அழிறப்பரைக் கொண்டு வந்திட்டா. ஸ்ரோபெரி வாசம் வாற அழிறப்பர். கேட்டா, அவதான் தந்தவ எண்டு பொய். அம்மா வழமை போல சாமி கண்ணைக் குத்தும் எண்டா. பிள்ளை அம்மான்ட முகத்தையே கொஞ்ச நேரம் பாத்திட்டு, "அம்மம்மா நீங்கள் என்ன பொய் சொன்னனீங்கள்?" எண்டு கேட்டா.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், அம்மாவுக்கு இடது கண் 2009 இல போனது. கடைசிச் சண்டை நேரம் மாத்தளன்ல செல் பீஸ் பட்டது.

அம்மா ஒண்டும் சொல்லாம எழும்பிக் குசினிக்குள்ள போட்டா, இரவு சாப்பிடவும் இல்லை. இப்ப அவர் சொல்லுறார் இனி இந்தச் சாமிக்கதை ஒண்டும் வீட்டில வேண்டாம், பிள்ளைக்கு நல்லது கெட்டதை நேராச் சொல்லுவம் எண்டு. அம்மா கேக்கிறா சாமி இல்லாம பிள்ளை எதுக்குப் பயந்து நல்லா நடக்கும் எண்டு. நான் ரெண்டு பேருக்கும் நடுவில. என்ன செய்யலாம்?

கச்சான்சுருள்
பிள்ளை கேட்டதில ஒரு பிழையும் இல்லை அக்கா. சொன்னதை நம்பியிருக்கு, அதை வைச்சு யோசிச்சிருக்கு. முழிக்க வேண்டியது நாங்கள்தான்.

மாங்குளத்தான்
தங்கச்சி, முதல்ல அம்மாவைப் பாருங்கோ, பிள்ளையைப் பிறகு பாக்கலாம். அந்தக் கேள்வி அவவுக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு நினைக்கவே ஏலாமல் கிடக்கு.

ஆனா சமயத்தை வீட்டால கலைக்கிறது இதுக்கு மருந்தில்லை. சாமி கண்ணைக் குத்தும் எண்டது சைவமே இல்லை, பெரியாக்கள் அவசரத்துக்கு எடுத்த தடி அது. சைவத்தில கண்ணைப் பற்றின கதை எண்டா கண்ணப்பர் கதை. அதில சாமி ஒருத்தற்ற கண்ணையும் குத்தேல்லை, சாமியின்ட கண்ணில ரத்தம் வருது எண்டு பாத்த வேடன் தன்ட கண்ணைக் குடுத்தவன், மற்றக் கண்ணையும் எடுக்கப் போக சாமி கையைப் பிடிச்சு நில் எண்டு மறிச்சது. சின்னப் பிள்ளைக்கு கண்ணைத் தோண்டினதெல்லாம் விவரமாச் சொல்லத் தேவையில்லை, ஆருக்கும் நோகுது எண்டா ஓடிப்போற மனம்தான் கதை.

எங்கட அப்பு குளக்கட்டு ஐயனாருக்குப் பொங்கப் போனா எங்களையும் கூட்டிக்கொண்டு போவார். படைச்சு முடிய முதல் இலை வயல் காவலுக்கு நிக்கிற ஆளுக்கு, பிறகு கூட வந்த அயலட்டைக்கு, கடைசியாத்தான் எங்களுக்கு. பசியில கத்துவம், ஒரு நாளும் மாத்தினதில்லை. இதுதான் அறம் பிள்ளையள் எண்டு ஒரு பிரசங்கமும் வைச்சதில்லை. இப்பவும் வீட்டில சமைச்சா நான் முதல்ல அடுத்த வளவைத்தான் யோசிக்கிறன். உதையும் சமயம் எண்டுதான் நான் சொல்லுவன்.

வெயிலான்
ஐயா கோவிக்கக்கூடாது. கண்ணப்பர் கதை சரி. சுந்தரர் கதை? சங்கிலியாருக்கு பிரியமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு திருவொற்றியூரை விட்டு வெளிக்கிட்டவருக்கு ரெண்டு கண்ணும் போனதெல்லோ? சத்தியம் மீறினா கண் போகும், அச்சொட்டா அம்மம்மா சொன்ன கதைதானே. மகனுக்கு பள்ளிக்கூடச் சைவநெறிப் பாடம் சொல்லிக் குடுக்கப் போய் நானும் எல்லாத்தையும் வாசிச்சு வைச்சிருக்கிறன் 😀

நான் வவுனியா. எங்கட வீட்டில சாமிப்படம் இல்லை, மனுசியும் நானும் பேசி எடுத்த முடிவு. மகனுக்குச் சொல்லுறது ஒண்டுதான், நீ செய்யிறதால ஆருக்கும் நோகுமோ எண்டு பார். சாமி பாக்குது, பேய் பிடிக்கும், பொலிஸ் வரும் ஒண்டும் கிடையாது. 2015 இல ஒரு ஆய்வும் வந்தது, ஆறு நாட்டில 5 தொடக்கம் 12 வயசு வரைக்கும் ஆயிரத்துக்கு மேல பிள்ளையளுக்கு ஸ்ரிக்கர் குடுத்து மற்றப் பிள்ளைக்குப் பங்கு குடுக்கினமோ எண்டு பாத்தவை, சமயம் கூடின வீட்டுப் பிள்ளையள்தான் குறையக் குடுத்தவையாம்.

ஸ்காபரோவில குமுழமுனை
வெயிலான் அண்ணை, அந்த ஆய்வு 2019 இல திருப்பி வாங்கப்பட்டுட்டுது. நாடுகளுக்குப் போட்ட குறி இலக்கத்தை சும்மா அடையாளம் எண்டு எடுக்காம உண்மையான தொகை மாதிரி கணக்குக்குள்ள விட்டிட்டினம், வேற ஆய்வாளர் அதே தரவை வாங்கித் திருப்பிச் செய்து பாக்க முதல் சொன்ன முடிவு நிக்கேல்லை. ஆனா பேப்பர்ல வந்த தலைப்பு மட்டும் இன்னும் சுத்துது.

மற்றப் பக்கத்துக்கும் ஒண்டு சொல்லுறன், ஐயா சந்தோசப்படுவார். 2011 இல 5 தொடக்கம் 9 வயசுப் பிள்ளையளை ஒரு அறைக்குள்ள விட்டு பந்து எறியிற விளையாட்டு, நேர்மையா விளையாடினா வெல்லுறது சரியான கஷ்டம், அதோட ஒருத்தரும் பாக்காத இடம். கொஞ்சப் பேருக்கு மட்டும் அந்தக் கதிரையில அலிஸ் இளவரசி எண்டு கண்ணுக்குத் தெரியாத ஒராள் இருக்கிறா எண்டு சொல்லி விட்டவை. அதை நம்பின பிள்ளையள் அளாப்பினது குறைவு, பெரியாள் ஒராள் பக்கத்தில இருந்தா எப்பிடியோ கிட்டத்தட்ட அப்பிடி. ஆக சாமி பாக்குது எண்டா வேலை செய்யும். அதில பொய்யில்லை. ஆனா நம்பாத பிள்ளைக்கு அது வேலை செய்யேல்லை, நம்பிக்கை விட்டுப்போற வயசில என்ன மிஞ்சும் எண்டதுதான் என்ட கேள்வி.

மாங்குளத்தான்
வெயிலான் தம்பி, சுந்தரரை இழுத்தது நல்லதாப் போச்சு. கண் போனதும் மனிசன் பயந்து பணிஞ்சு அழுதுகொண்டு மட்டும் இருக்கேல்லை, போற கோயில் எல்லாத்திலயும் நிண்டு சண்டை பிடிச்சவர், கண்ணைத் தா எண்டு உரிமையோட கேட்டவர், காஞ்சியில ஒண்டு கிடைச்சது திருவாரூர்ல மற்றது. அவர் தம்பிரான் தோழர், கூட்டாளி. எங்கட மன்னார்த் திருக்கேதீச்சரத்துக்குப் பதிகம் பாடினவையில அவரும் ஒராள். சாமியோட சண்டை பிடிக்கலாம் எண்டு சொல்லுற சமயத்தை சாமிக்குப் பயந்து ஒளிக்கிற சமயம் ஆக்கினது ஆர்? நாங்கள்தான். ஆனா ஒத்துக்கொள்ளுறன், அது அஞ்சு வயசுக்குச் சொல்லுற கதை இல்லை.

நேர்சரி ரீச்சர்
வட்டக்கச்சி அக்கா, நான் புதுக்குடியிருப்புப் பக்கம் முன்பள்ளியில கன காலமாப் படிப்பிக்கிறன். எங்கட முன்பள்ளியில அரைவாசிப் பிள்ளையள் அம்மம்மா அப்பம்மாவோடதான், தாய்மார் விடியக் காலமை ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏறினா பின்னேரம்தான் வருவினம். அதால இந்தப் பிரச்சினை உங்கட வீட்டில மட்டும் எண்டு நினைக்காதேங்கோ.

முதல்ல பிள்ளையின்ட கேள்வி. அவ அம்மம்மாவை நக்கலடிக்கேல்லை, குற்றம் சாட்டவும் இல்லை. இந்த வயசில பிள்ளையள் கெட்டது நடந்தா அது தண்டனை எண்டுதான் நினைப்பினம். பியாஜே எண்ட சுவிஸ் ஆய்வாளர் 1932 இலயே இதை எழுதினவர். அப்பிள் களவெடுத்திட்டு ஓடின பொடியன் பாலத்தில ஏற பாலம் உடைஞ்சு தண்ணிக்குள்ள விழுந்திட்டான், களவெடுக்காட்டி விழுந்திருப்பானோ எண்டு கேக்க, சின்னப் பிள்ளையள் கனபேர் களவெடுத்ததாலதான் விழுந்தவன் எண்டு சொன்னவை, பெரிய பிள்ளையள்தான் பாலம் பழசு, எப்பிடியும் விழுந்திருப்பான் எண்டு சொன்னவை. பாலத்துக்கு என்ன தெரியும் எண்டு யோசிக்க வயசு வரோணும். நாங்கள் அந்த வயசில போய் சாமி குத்தும் எண்டு சொன்னா அவையின்ட நினைப்புக்கு முத்திரை குத்தி விடுறம்.

இதால வாற கெடுதி என்னெண்டா, எங்கட ஊரில கால் இல்லாத மாமா இருக்கிறார், கை இல்லாத அக்கா இருக்கிறா, தகப்பன் இல்லாத பிள்ளை பக்கத்து வாங்கில இருக்குது. காயம் எல்லாம் தண்டனை எண்டு நம்பின பிள்ளை இவையளை எப்பிடிப் பாக்கும்? எங்கட வகுப்பில ஒருக்கா ஒரு பொடியன், அப்பா இல்லாத பிள்ளையைப் பாத்து நீ குழப்படி அதுதான் எண்டு சொல்லிப்போட்டான். அவனுக்கு வயசு நாலு. ஆரோ வீட்டில சொன்னதுதானே.

அதால பிள்ளையை இருத்தி நேராச் சொல்லுங்கோ. அம்மம்மா ஒரு பிழையும் செய்யேல்லை. சண்டை நடந்த நேரம் காயம் பட்டது. காயம் பட்டவை பிழை விட்ட ஆக்கள் இல்லை. இவ்வளவும் காணும், ஏலுமெண்டா அதை அம்மம்மாவே சொன்னா இன்னும் நல்லம். ரெண்டு மூண்டு தரம் திருப்பிக் கேப்பா, அலுக்காம அதே பதிலைச் சொல்லுங்கோ.

அழிறப்பர் விசயம் வேற. அதுக்கு சாமியும் வேண்டாம் ஆய்வும் வேண்டாம். நாளைக்கு நீங்களும் போய் பிள்ளையின்ட கையாலயே திருப்பிக் குடுக்கப் பண்ணுங்கோ. எல்லாருக்கும் முன்னால வேண்டாம். சொறி சொல்லு சொல்லு எண்டு பிடரியில தட்ட வேண்டாம், வாயால வாற சொறியில ஒண்டும் இல்லை, பொருள் திரும்பிப் போகோணும். கள்ளி எண்ட பட்டத்தை மட்டும் விளையாட்டுக்கும் வைச்சிடாதேங்கோ. "அது ஆற்ற? அவ இப்ப தேடுவாவோ?" எண்டு கேட்டுப் பாருங்கோ, பிள்ளைக்கு தானா முகம் மாறும்.

கச்சான்சுருள்
ரீச்சர் நீங்கள் எங்கட காலத்தில இருந்திருக்கோணும். எங்கட ரீச்சர் ஆற்ற அழிறப்பர் எண்டு கேக்க முன்னமே அடிமட்டம் உடைஞ்சிடும்.

ஸ்காபரோவில குமுழமுனை
அடிக்கு உதாரணம் கிடக்கு கச்சான். மேற்கு ஆபிரிக்காவில ஒரே ஊரில ரெண்டு பள்ளிக்கூடம், ஒண்டில பிழைக்கு அடி, மற்றதில அடி இல்லை. பின்னால இருக்கிற பொம்மையைத் திரும்பிப் பாக்காதே எண்டு சொல்லிப்போட்டு வெளியில போனவை. பாத்தியோ எண்டு கேக்க அடி விழுற பள்ளிக்கூடத்துப் பிள்ளையள்தான் கூடப் பொய் சொன்னதும், சொன்ன பொய்யை கெட்டித்தனமா மறைச்சதும். மூண்டு நாலு வயசு! அடி பொய்யை நிப்பாட்டேல்லை, பொய்க்கு ரியூசன் குடுத்திருக்கு.

அதே ஆக்கள் 2014 இல வேற ஒண்டு செய்தவை. கதை சொன்னா பிள்ளையள் உண்மை சொல்லுவினமோ எண்டு. புலி வருது புலி வருது எண்டு கத்தின பொடியன் கதை (அங்க ஓநாய்), பொய் சொன்னா மூக்கு நீளுற பொம்மைக் கதை, ரெண்டும் ஒரு பிரயோசனமும் இல்லை. ஜோர்ஜ் வோஷிங்டன் சின்னனில மரத்தை வெட்டிப்போட்டு தகப்பனிட்ட உண்மையை ஒத்துக்கொள்ள தகப்பன் சந்தோசப்பட்ட கதை மட்டும்தான் வேலை செய்தது. அதையே தண்டனைக் கதையா மாத்திச் சொல்ல அந்தப் பலனும் போட்டுது.

பகிடி என்னெண்டா அந்த மரம் வெட்டின கதை வரலாறே இல்லை, அவரைப் பற்றிப் புத்தகம் எழுதின ஒராள் பிறகு கட்டிச் சேர்த்தது. உண்மை பேசு எண்டு சொல்ல ஒரு பொய்க்கதை.

மடுவழி
நான் கத்தோலிக்கம், மனுசி சைவம். எங்கட பிள்ளையளுக்கு ஆவணியில மடு மாதா கோயில், வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில், ரெண்டுக்கும் புதுச் சட்டை, அதுகளுக்கு சமயம் எண்டா இப்போதைக்கு அவ்வளவுதான்.

ஒரு விசயம் கன கத்தோலிக்கருக்கே தெரியாது. திருச்சபைச் சட்டத்தில ஏழு வயசு முடியாத பிள்ளை தன்ட செயலுக்குப் பொறுப்பாளி இல்லை, ஏழு முடியத்தான் புத்தி தெளிஞ்ச வயசு எண்டு எடுக்கிறது. அதாலதான் முதல்நன்மையும் (முதல்தரம் நற்கருணை வாங்குறது) பாவசங்கீர்த்தனமும் (பாவத்தைக் குருவானவரிட்டச் சொல்லுறது) அந்த வயசில வருது. ஆக அஞ்சு வயசுப் பிள்ளையில பாவம் எண்டு ஒண்டை சபையே எழுதேல்லை. பிறகு எங்கட அம்மாமார் யேசப்பா அழுவார், நரகத்தில எண்ணெய்ச் சட்டி எண்டு வெருட்டுறது எந்தக் கணக்கில? எங்கட பங்கு ஃபாதரிட்டக் கேட்டன், சிரிச்சுப்போட்டு, தன்ட அம்மாவும் அப்பிடித்தான் சொன்னவ எண்டார்.

முசலிமகன்
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மடுவழி சொன்னதோட ஒட்டி ஒண்டு சொல்லலாம், எங்களிலயும் பிள்ளையைத் தொழச் சொல்லி ஏவுறது ஏழு வயசிலதான். அதுக்கு முன்னம் வாப்பா தொழேக்க முதுகில ஏறி விளையாடுற வயசு.

அல்லாஹ் பாக்கிறான் எண்டு நாங்களும் சொல்லுவம். ஆனா எங்கட உம்மம்மா அதைச் சொல்லுற விதம் வேற, ஆரும் பாக்காம பூனைக்குத் தண்ணி வைச்சா அல்லாஹ் பாத்திட்டான் எண்டு சொல்லுவா. நல்லது செய்யேக்க பாக்கிறான். பிழை செய்யேக்க அவ பேரையே எடுக்க மாட்டா, வந்து என்னெண்டு கேப்பா. வட்டக்கச்சித் தங்கச்சி, உங்கட உம்மாவுக்கு இந்த வழி சரி வருமோ எண்டு பாருங்கோ, சாமியையும் விடத் தேவையில்லை.

பனிச்சையடி
எல்லாம் சரி, இப்ப ஊருக்கு ஊர் கிறிஸ்தவ சபை வந்து பிள்ளையளுக்கு பிஸ்கட்டும் கொப்பியும் குடுத்து ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகினம், அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை, அறநெறி வகுப்பில ஏழு பிள்ளை, அங்க எழுவது

மடுவழி
பிஸ்கட்டுக்கு முன்னம் ஆர் அந்தப் பிள்ளையளைப் போய்ப் பாத்தது எண்டும் கேளுங்கோ.

பனிச்சையடி
ஓ அப்ப நீங்களும் அந்த ஆள்தானோ

மட்டுறுத்துநர்
மதமாற்றத்துக்கு வேற இழை இருக்கு, அங்க போய் அடிபடுங்கோ. இதில ஒரு தாய் ஒரு கேள்வி கேட்டவ. பிறகு வந்த நாலு பதிவு தூக்கியாச்சு.

வட்டக்கச்சிக்காரி
எல்லாருக்கும் நன்றி. ரீச்சர் சொன்ன மாதிரி அழிறப்பரைக் குடுத்தாச்சு. அந்தப் பிள்ளை தொலைஞ்சதே தெரியாம இருந்திருக்கு, என்ட மகளுக்குத்தான் பெரிய வெக்கம்.

அம்மாவுக்கு உங்கட பதிவுகளை வாசிச்சுக் காட்டினன். கண்ணப்பர் கதையில கொஞ்சம் முகம் தெளிஞ்சா. சுந்தரர் சண்டை பிடிச்சதைச் சொல்ல, "நானும் பிடிச்சனான், ஆருக்குத் தெரியும்" எண்டா. அவ்வளவுதான் சொன்னா. பிறகு தானே பிள்ளையைக் கூப்பிட்டு, நான் பொய் சொல்லேல்லை, சாமியும் குத்தேல்லை, அம்மம்மாவுக்கு செல்தான் பட்டது, சாமி குத்தும் எண்டு நான் சொன்னது சரியில்லை எண்டு சொல்லிப்போட்டா. எனக்கே அதிசயம், அம்மா இப்பிடி இறங்கிக் கதைக்கிற ஆள் இல்லை.

ஆனா பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்டுட்டா. "ஆர் அம்மம்மா செல் அடிச்சது? அவைக்கு ஆர் ஏச்சுப் பேச்சுக் குடுத்தது?" அம்மா என்னைப் பாக்க நான் அம்மாவைப் பாத்தன். இப்ப இதுக்கு என்ன சொல்லுறது?

நேர்சரி ரீச்சர்
இந்த வயசுக்கு, பெரியாக்கள் சண்டை பிடிச்சவை, அதில கன பேருக்குக் காயம், அது பிழை எண்டு சொன்னாக் காணும் அக்கா. ஆர் எவர் எண்டு போனா பிள்ளை நாளைக்கு ஆமி முகாமுக்குப் பக்கத்தால பஸ்ஸில போகேக்க சத்தமாச் சொல்லும். அதையும் பாக்கோணும்.

வெயிலான்
ரீச்சர், பெரியாக்கள் சண்டை பிடிச்சவை எண்டது அரைப் பொய் எல்லோ? மழை பெஞ்சது மாதிரி செல் விழேல்லை, ஆரோ அடிச்சது. பொய் சொல்லாதே எண்டு பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டு நாங்கள் மழுப்பினா, அதையும் பிள்ளை பாத்துக்கொண்டுதானே இருக்கும்.

மாங்குளத்தான்
முதல் தடவையா வெயிலான் தம்பியோட ஒத்துப்போறன். சொல்லாம விடுறது வேற, மாத்திச் சொல்லுறது வேற. ஆமி அடிச்ச செல் எண்டா ஆமி அடிச்சது எண்டுதான் சொல்லோணும். அதோட எல்லாம் முடிஞ்சுது எண்டு விடாம, பேச்சுக் குடுத்தது ஆர் எண்ட கேள்விக்கு "இன்னும் ஒருத்தரும் குடுக்கேல்லை, அம்மம்மா மாதிரி கன பேர் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம்" எண்டு சொல்லலாம். கிளிநொச்சியிலயும் முல்லைத்தீவிலயும் காணாமல் போன பிள்ளையளின்ட படத்தோட 2017 இல இருந்து அம்மாமார் றோட்டில குந்தியிருந்து கேட்டவை. அதுவும் பிள்ளைக்குச் சொல்லுற பாடம்தான், நீதி கிடைக்காட்டியும் கேக்கிறது.

நேர்சரி ரீச்சர்
ஐயா, பத்து வயசில சொல்லுவம். அஞ்சு வயசில பிள்ளைக்கு ஆமி எண்டது சந்தியில நிக்கிற ஒராள், பள்ளிக்கூடத்துக்கு வந்து பந்து குடுத்திட்டுப் போன ஒராள். அந்தப் பயத்தோட நித்திரை கொள்ளப் போறது பிள்ளைதான், நீங்கள் இல்லை. நான் பொய் சொல்லச் சொல்லேல்லை. பிள்ளை கேட்ட அளவுக்குச் சொல்லுங்கோ எண்டுதான்.

வெயிலான்
பிள்ளை கேட்டதே ஆர் அடிச்சது எண்டுதானே ரீச்சர்.

முசலிமகன்
இந்தக் கேள்வி எங்கட வீட்டுக்கும் வந்தது. எங்கட வடக்கு முஸ்லிம் ஆக்களை 1990 ஐப்பசியில இயக்கம் (புலிகள்) வெளிக்கிடச் சொன்னது எல்லாருக்கும் தெரியும். நான் பிறந்தது புத்தளம் முகாமில. என்ட மகன் கேட்டவன், வாப்பா நாங்கள் ஏன் அங்க இருந்தம், ஆர் கலைச்சது, அவங்கள் தமிழ் ஆக்களோ எண்டு. அவன்ட கூட்டாளிமார் அரைவாசி தமிழ்ப் பிள்ளையள்.

நான் ஒளிக்கேல்லை, இயக்கம்தான் எண்டு சொன்னன். அதோட சேத்து அடுத்த வளவு அம்மாவையும் சொன்னன். எங்கட வாப்பா போகேக்க வீட்டுச் சாவியை அவவின்ட கையில குடுத்திட்டுப் போனவர். அமானிதம் எண்டு சொல்லுவம், நம்பி ஒப்படைச்ச பொருள். பிறகு அவையும் எத்தினை இடம் ஓடினது, தங்கட வீடும் இல்லை. நாங்கள் திரும்பி வரேக்க எங்கட வீட்டில கதவும் இல்லை கூரையும் இல்லை, சுவர் ரெண்டுதான் நிண்டது, அந்த அம்மா சாவியைக் கொண்டு வந்து தந்தா. பூட்ட ஒண்டும் இல்லாத சாவி. மகனுக்கு ரெண்டும் தெரியும், கலைச்சதும் தெரியும் சாவியும் தெரியும். ஒண்டைச் சொல்லி ஒண்டை விட்டா அது சரியில்லை எண்டுதான் நான் நினைக்கிறன். வயசு ரீச்சர் சொன்ன மாதிரிப் பாத்துத்தான், அவனுக்கு அப்ப எட்டு.

மாங்குளத்தான்
நானா, இதுக்கு மேல நான் என்ன எழுத. அந்தக் காலத்தில வாய் திறக்காம நிண்ட ஆக்களில எங்கட சனமும் இருந்தது.

வட்டக்கச்சிக்காரி
நானும் அம்மாவும் இரவு கதைச்சம். அம்மா சொன்னது, "ஆமி எண்டு சொல்லுவம், ஆனா எல்லா ஆமியும் எண்டு சொல்லாம விடுவம், சண்டை முடியேக்க வட்டுவாகலால வரேக்க எனக்குத் தண்ணி தந்ததும் ஒரு ஆமிப் பொடியன்தான்". எனக்கு இந்தத் தண்ணிக் கதை இண்டைக்குத்தான் தெரியும்.

அவர் இன்னும் சமயம் வேண்டாம் எண்டுதான் நிக்கிறார். தேவாரம் பாடட்டும், வெருட்டு மட்டும் இல்லை எண்டு இப்போதைக்கு ஒரு ஒப்பந்தம். அம்மா கண்ணகி கதை சொல்லத் தொடங்கியிருக்கிறா, அவவின்ட தகப்பன் முல்லைத்தீவில கோவலன் கூத்து ஆடின மனிசன், எனவே பாட்டோட வரும். நேற்று தம்பின்ட மகனும் இவவும் விளையாட்டுச் சாமானுக்கு அடிபட, நான் ஒண்டும் கேக்காம இவவுக்கு ஏசிப்போட்டன். "அம்மா பாண்டிய ராசா மாதிரி விசாரிக்காமத் தீர்ப்புச் சொல்லாதேங்கோ" எண்டு வந்தது பதில்!

கச்சான்சுருள்
மதுரையை எரிக்க முன்னம் அந்த விளையாட்டுச் சாமானைக் குடுத்திடுங்கோ அக்கா.

வெயிலான்
இது நல்ல கதைதான், ஒத்துக்கொள்ளுறன். பிழை விட்டது ராசா, கேள்வி கேட்டது ஒரு பெம்பிளை. பயப்பிட வேண்டியது பெரியாள். மகனுக்கு இதைச் சொல்லலாம், சாமியாக்காம.

எனக்கு உள்ள கரைச்சல் வேற. பள்ளிக்கூடத்தில சமயம் கட்டாயப் பாடம், சாதாரண தரம் வரைக்கும். இந்த நாட்டில அரசியலமைப்பு 10 ஆம் உறுப்புரையில சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சுதந்திரம் எண்டு இருக்கு, ஆனா சமயம் வேண்டாம் எண்டா அந்த நேரம் பிள்ளை என்ன படிக்கிறது எண்டதுக்கு ஒரு வழியும் இல்லை. சைவம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம், இதில ஒண்டைப் பிடி. நான் சைவநெறி எண்டு போட்டன். அவன்தான் வகுப்பில கூடின புள்ளி, பரிசளிப்புக்கு வேட்டியும் வாங்கிக் குடுக்க வேண்டியதாப் போச்சு.

மாங்குளத்தான்
வேட்டி கட்டின படத்தை இஞ்ச போடும் தம்பி 😀 திருக்குறளை ஒரு அறநெறிப் பாடமா வைச்சா எல்லாருக்கும் பொதுவாப் போகுமெண்டு நான் கன காலமாச் சொல்லுறன்.

வெயிலான்
முதல் அதிகாரமே கடவுள் வாழ்த்து ஐயா.

மாங்குளத்தான்
ரெண்டாவது மழை. வன்னியானுக்கு அது காணும். ரெண்டுல இருந்து தொடங்கும்.

ரெண்டு பொடியளின்ட அம்மா
இழை முழுக்க வாசிச்சன், நல்லா இருக்கு. ரீச்சரிட்ட ஒரு சின்னக் கேள்வி. என்ட மூத்தவர் எட்டு வயசு, நான் நித்திரையாப் போனாப் பிறகு போனை எடுத்து கேம் விளையாடுறார். கேட்டா இல்லவே இல்லை எண்டு சத்தியம் பண்ணுறார், அதுவும் முறிகண்டிப் பிள்ளையார் மேல! நாங்கள் யாழ்ப்பாணம் போய் வரேக்க இறங்கிக் கும்பிட்டு கச்சான் வாங்குற பிள்ளையார், மூத்தவருக்கு அந்தப் பயமும் இல்லை. என்ன செய்யிறது?

நேர்சரி ரீச்சர்
எட்டு வயசு எண்டா என்ட கையை விட்டுப் போன வயசு அக்கா 😀 சத்தியம் பண்ண வைக்கிறதை முதல்ல நிப்பாட்டுங்கோ, தெரிஞ்ச பதிலுக்குக் கேள்வி கேட்டா பொய்தான் வரும். "நேற்று இரவு விளையாடினது எனக்குத் தெரியும்" எண்டு தொடங்குங்கோ. அது சரி, போனுக்கு நம்பர் போட்டுப் பூட்டு இல்லையோ?

ரெண்டு பொடியளின்ட அம்மா
இருக்கு ரீச்சர். இப்பதான் போய்க் கேட்டன், நம்பர் எப்பிடித் தெரியும் எண்டு. அப்பாதான் சொன்னவராம். அம்மாட்டச் சொல்லிப்போடாதே எண்டும் அவர்தான் சொன்னவராம்.